பின்வாசலுக்கு ஒரு ஆள் போதும்

எவோதியா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு வருவதற்குள் கை வாய்க்குப் போய்விடும். கூச்ச சுபாவம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டோம். அவள் வாயில் எத்தனை பல் இருக்கிறது, எது போயிற்று என்று பார்த்தவர் எங்கள் ஹோட்டலில் ஒருவரும் கிடையாது. இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். இந்த ஒரு விஷயத்தால்தான் அவள் ஒரு குளிர்காலம் முழுக்கத் தன்னந்தனியாக நின்றாள்.

நான் அந்த ஹோட்டலில் முட்டை போடுகிறவன். காலையில் விருந்தாளிகள் தட்டைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வரிசை கட்டுவார்கள். வெங்காயமா, காளானா, சீஸா என்று கேட்டு, அவர்கள் கண்ணெதிரே ஆம்லெட் புரட்டிக் கொடுப்பேன். பெயர் செனோன். மரியாதை கொடுக்கிறவர்கள் முன்னால் ஒரு ‘தோன்’ சேர்த்து ‘தோன் செனோன்’ என்பார்கள். மற்றவர்கள் முட்டைக்காரர் என்பார்கள். எங்கள் பாஷையில் அப்படிச் சொன்னால் பெண்கள் ஏன் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள் என்பதை நான் இங்கே விளக்கப் போவதில்லை.

எவோதியாவுக்கு ஒன்பதாவது மாடி. படுக்கை விரிப்பு மாற்றுவது, குளியலறையைத் தேய்ப்பது, கம்பளத்தில் மெஷின் ஓட்டுவது, ஊர் பேர் தெரியாதவர்கள் உதிர்த்த தலைமுடியைப் பொறுக்குவது. மெக்சிகோவில் குவெரேரோ மலைப்பக்கத்திலிருந்து புருஷனோடு சிகாகோ வந்தவள். புருஷன் டெக்சாஸில் வேலை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனான். வேலையும் கிடைத்தது, வேறொருத்தியும் கிடைத்தாள். மகள் யாதிரா வளர்ந்து, கல்யாணம் ஆகி, பீனிக்ஸில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள், செய்யாத ஞாயிறுகளும் உண்டு. இருபத்தாறாம் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் எவோதியாவுக்கு ஒற்றை அறை. ஜன்னலில் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் கால்தான் தெரியும். அவர்கள் முகம் தெரியாது.

அவள் வாயில் பிசகில்லாமல் வரும் ஒரே இங்கிலீஷ் வார்த்தை ‘ஹவுஸ்கீப்பிங்’. கதவை மூன்று தடவை தட்டி அதைச் சொல்லிவிட்டுத்தான் எந்த அறைக்குள்ளும் நுழைய வேண்டும், அது சட்டம். வருஷக்கணக்கில் தட்டித் தட்டி, தன் வீட்டுக் குளியலறைக் கதவையும் தட்டி ‘ஹவுஸ்கீப்பிங்’ என்று சொல்லிவிட்டுத்தான் திறப்பாளாம். தனியாகக் குடியிருக்கிறவள்! உள்ளே யார் இருக்கப்போகிறார்கள்? இதை அவள் தென்ச்சாவிடம் மட்டும் சொல்ல, தென்ச்சா சாப்பாட்டுக்கூடம் முழுவதற்கும் நடித்தே காட்டிவிட்டாள். எவோதியாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தென்ச்சாவின் முழுப்பெயர் ஒர்தென்சியா. அவளுக்கு ஏழாவது மாடி. குரல் மட்டும் இருபது மாடிக்கும் கேட்கும். யாதிராவுக்கு ஞானஸ்நானம் செய்தபோது குழந்தையை ஏந்தி நின்ற ஞானத்தாய் அவள்தான். அன்றிலிருந்து இருவரும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே. பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் அழைக்கிற உறவுச்சொல் அது. எங்களிடையே இது கூடப்பிறந்த உறவைவிட ஒரு படி மேல். கூடப்பிறந்தவளோடு சண்டை போடலாம், கொமாத்ரேயோடு போடக்கூடாது. அதுவரை ‘நீ, வா, போ’ என்று பேசியவர்கள் ஞானஸ்நானத் தண்ணீர் காய்வதற்குள் ‘நீங்க’ என்று மாறிவிட வேண்டும். அந்த ‘நீங்க’வில் தூரம் கிடையாது. இனிமேல் உன்னைக் கைவிட மாட்டேன் என்பதற்கு அது அத்தாட்சி. யாதிரா பீனிக்ஸ் போன பிறகு எவோதியாவுக்கு இந்த ஊரில் இருந்த சொந்தம் இந்த ஒரு ‘நீங்க’தான்.

இனி ஸ்ட்ரைக்குக்கு வருகிறேன். குளிர்காலத்தில் சிகாகோவுக்கு எந்தப் பைத்தியக்காரன் சுற்றுலா வருவான்? அறைகள் காலியாகக் கிடக்கும். எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நாங்கள் வீட்டுக்குப் போனால் எங்கள் மருத்துவ இன்சூரன்ஸும் போய்விடும். பனி உருகி மறுபடி கூப்பிட்டால்தான் அதுவும் திரும்பும். ஆக, நோயெல்லாம் இலையுதிர்காலத்துக்குள் வந்து குணமாகிவிட வேண்டும், ஜனவரியில் ஒருவரும் சீக்கு வாங்கக்கூடாது. வருஷம் முழுக்க இன்சூரன்ஸ் வேண்டும் என்று சங்கம் கேட்டது. முடியாது என்றார்கள். நாங்கள் வெளியே வந்தோம்.

முதல் வாரம் திருவிழாதான். பெயிண்ட் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டுக் கொட்டு, ஊதல், கோஷம், வெந்நீர்ப் பையோடு சுற்றி வைத்த சூடான டமாலே, சோளமாவில் அவித்த எங்கள் ஊர்க் கொழுக்கட்டை. தென்ச்சா முன்வாசலில் நின்று கத்தினால் பத்தாவது மாடி விருந்தாளி ஜன்னலை மூடுவான். அவள் முதுகுக்குப் பின்னால் எவோதியா கோரிக்கை அட்டையைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். கோஷம் போடச் சொன்னால் உதட்டை மட்டும் அசைப்பாள்.

“சத்தமா சொல்லுங்க, கொமாத்ரே! உதட்ட மட்டும் அசைச்சா மேனேஜர் நீங்க ஜெபம் பண்றீங்கன்னு நெனச்சுக்குவான்.”

“ஜெபமும்தான் பண்றேன். ரெண்டும் ஒரே விஷயத்துக்குத்தானே.”

அந்த வாரம் அவள் சந்தோஷமாக இருந்தாள். அதை நான் பார்த்தேன். நாள் முழுக்க மனிதர்கள் நடுவில் இருப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. வேலை நாட்களில் அவள் நுழைவதெல்லாம் ஆள் வெளியே போன அறைகளில்தானே.

இரண்டாவது வாரம் அவள் இரண்டு நாள் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அந்த இரண்டாவது நாள்தான் தென்ச்சா தலையைத் தூக்கி மேலே பார்த்தாள்.

நாங்கள் வெளியே வந்தாலும் ஹோட்டல் மூடவில்லை. ஏஜென்சி ஆட்களையும், கண்காணிப்பாளர்களையும் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்களிலேயே யாராவது கருங்காலியாகி உள்ளே நுழைந்திருக்கிறார்களா என்பதுதான் தெருவில் நின்றவர்களின் ஓயாத கவலை. அதற்கு அவர்கள் பார்த்தது ஜன்னல்களை. அறை பெருக்குகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு கைவாகு உண்டு, தெருவிலிருந்து பார்த்தே இது இன்னார் முடித்த அறை என்று சொல்லிவிடுவார்கள். தென்ச்சா திரையை ஓரமாகத் தள்ளி அப்படியே விட்டுவிடுவாள். எவோதியா மெஷினுக்குள் சிக்காமலிருக்கத் திரையின் கீழ்முனையை எடுத்து நாற்காலிக் கைப்பிடியில் சொருகுவாள். பெரும்பாலும் எடுத்துவிட மறந்துபோவாள். வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னலில் ஒரு முக்கோணம் தெரியும். அன்று ஒன்பதாவது மாடியில் வரிசையாக நாலு ஜன்னலில் முக்கோணம்.

தென்ச்சாவின் குரல் அடங்கி அன்றுதான் பார்த்தேன். கையிலிருந்த ஊதலைக் கழுத்தில் தொங்கவிட்டாள்.   எல்லாரும் அவள் பார்த்த இடத்தைப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் எவோதியா தலையைச் சுற்றி ஒரு கம்பளித் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். வாளிக்கொட்டு நின்றுபோயிற்று. தென்ச்சா எதிரே போய் நின்றாள்.

“ரெண்டு நாளா எங்க போயிருந்தே நீ?”

‘நீ’ என்றாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு, அத்தனை பேர் முன்னால். என் காதிலேயே அது அறைந்த மாதிரி விழுந்தது. எவோதியா அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

“பல்லு,” என்றாள் கடைசியில். “பல்லு புடுங்கினேன்.”

“யாருகிட்ட?”

அதற்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. போன குளிர்காலத்தில் இன்சூரன்ஸ் இல்லாத நாட்களில் சொத்தையான பல் அது. எங்கள் பேட்டையில் ஒருவர் இருக்கிறார். ஊரில் முறையாகப் படித்த பல் வைத்தியர், இங்கே லைசென்ஸ் கிடையாது. தன் வீட்டுச் சமையலறையில் உட்கார வைத்துப் பிடுங்குவார். வெளியே சொன்னால் அவர் கதி அதோகதி. சொல்லமாட்டேன் என்று மாதா படத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கையில் குறடு எடுப்பார்.

“வீக்கம் எங்க?”

“வடிஞ்சிடுச்சு.”

பிறகு எவோதியா ஒரு காரியம் செய்தாள். அந்தக் குளிரில், நடைபாதையில், அத்தனை பேருக்கும் முன்னால் துண்டை இறக்கி வாயை ஆவென்று திறந்து விரலால் காட்டினாள். உள்ளே ஒரு சந்து தெரிந்தது. ஒன்றில்லை, இரண்டு மூன்று சந்து.

“இதுல எது புதுசு, எது பழசுன்னு யாருக்குத் தெரியும்?” என்றாள் தென்ச்சா. “என்னிக்காவது நீ வாயத் தொறந்து சிரிச்சிருக்கியா, நான் எண்ணி வெச்சிக்க?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எவோதியா வாயை மூடிக்கொண்டாள்.

மறியலுக்குத் தலைவன் ரொஹேலியோ, பெட்டி தூக்குகிற பையனாகச் சேர்ந்து தலை நரைத்தவன். நல்லவன், ஆனால் சண்டை என்றால் ஒதுங்கிவிடுவான். அவன் ஒரு சமரசம் செய்தான். எவோதியாவைப் பின்வாசலுக்கு அனுப்பினான். அது சரக்கு லாரி வருகிற சந்து. ஒரு பக்கம் குப்பைத் தொட்டிகள், மறுபக்கம் சுவர். ஏரியிலிருந்து வருகிற காற்று முழுக்க அந்தச் சந்தில் நுழைந்துதான் மற்ற தெருக்களுக்குப் போகும். அங்கே காவலுக்கு நிற்க ஒருவரும் இஷ்டப்படுவதில்லை. அவளோடு நிற்க யாருமே இஷ்டப்படவில்லை. கணக்கு சரியாயிற்று.

ஆனால் அந்தப் பின்வாசலுக்கு ஒரு மகிமை உண்டு. லாரி ஓட்டுகிறவர்களுக்கும் சங்கம் இருக்கிறது. மறியல் நடக்கிற வாசலை அவர்கள் தாண்டமாட்டார்கள். நூறு பேர் நிற்க வேண்டும் என்பதில்லை. அட்டையோடு ஒரே ஒரு ஆள் நின்றால் அது மறியல், லாரி திரும்பிவிடும். அந்த ஒரு ஆள் இல்லையென்றால் அது வெறும் வாசல், லாரி உள்ளே போய்விடும். சலவைக்குப் போன விரிப்பும் துண்டும் லாரியில்தான் வரவேண்டும். அவை வராவிட்டால் ஏஜென்சி ஆள் எத்தனை பேர் இருந்து என்ன பயன்? முன்வாசலில் நாங்கள் போட்ட சத்தமெல்லாம் மேனேஜருக்குத் தலைவலி, அவ்வளவுதான். அவனுடைய குரல்வளையில் கால் வைத்து நின்றது பின்வாசலில் ஒற்றை ஆளாக இருந்த எவோதியா.

நான் நடுக்காலையில் காபி எடுத்துக்கொண்டு போவேன். நான் அட்டையைப் பிடித்துக்கொள்ள, அவள் மூலையிலிருந்த பெட்ரோல் பங்குக் கழிப்பறைக்குப் போய்விட்டு வருவாள். அந்த ஒரு தடவைதான் அவளுக்கு விடுதலை. அதனால் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

“அப்ப அந்தத் திரையச் சொருகினது யாரு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பமேலாவாத்தான் இருக்கும், தோன் செனோன்.”

பமேலா மாடிக் கண்காணிப்பாளர். சேர்ந்த புதிதில், வேலை எப்படி என்று தெரிந்துகொள்ள எவோதியாவின் பின்னால் ஒரு வாரம் சுற்றியவள்.

“நான்தான சொல்லிக் குடுத்தேன். சொருகிட்டு மறந்துபோறதையும் சேத்துக் கத்துக்கிட்டா போல.”

“அடக் கடவுளே! இத அங்கேயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கலையே. முடிவு பண்ணிட்டுல்ல வந்து நின்னாங்க. அதுவும் அவங்க…” பேச்சை நிறுத்திக் காபியைக் குடித்தாள். “கொமாத்ரேகிட்ட சாட்சி காட்டணுமா? காட்டித்தான் நம்ப வைக்கணும்னா அதுக்கு எதுக்கு அந்தப் பேரு?”

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேலும் வந்தது, தென்ச்சாமேலும் வந்தது. நேரே முன்வாசலுக்குப் போய்த் தென்ச்சாவிடமும் ரொஹேலியோவிடமும் சொன்னேன். ரொஹேலியோ தன் காலைப் பார்த்தான். தென்ச்சா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பமேலாவா? நகத்துல பூ வரைஞ்சிக்கிட்டுத் திரியறவ, கக்கூஸ் கழுவறாளா? எவோதியா சொன்னா, நீங்களும் அத நம்பி இங்க தூக்கிட்டு வந்துட்டீங்க. போய் முட்டைய உடைங்க, தோன் செனோன்.”

தென்ச்சாவை நான் கெட்டவள் என்று சொல்லமாட்டேன். அவளுக்கு நெஞ்சு அறுந்துபோயிருந்தது. அறுந்த இடத்தில் மருந்து போடப் போனாலும் கடித்தாள்.

ஒருநாள் மேனேஜரே கோட்டு மாட்டிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தானாம். உன் ஆட்களே உன்னோடு பேசுவதில்லை, யாருக்காக இங்கே விறைத்துக்கொண்டிருக்கிறாய், உள்ளே வா, வெதுவெதுப்பாக இருக்கிறது, ஒன்பதாவது மாடி உனக்குத்தான் என்று தேனாகப் பேசினான்.

“நீ என்ன சொன்னே?”

“இங்கிலீஷ்ல பதில் வரல. அட்டையத் தூக்கி அவன் மூஞ்சிக்கு நேராக் காட்டினேன். அதுல எல்லாம் எழுதியிருக்கே.”

சிரித்தாள். அட்டை இரண்டு கையிலும் இருந்ததால் வாயை மூட முடியவில்லை. சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று நான் கேட்டேவிட்டேன். வீட்டில் இருந்துவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள், எதற்கு தினம் வருகிறாய் என்று. அவள் யோசிக்கவேயில்லை.

“வீட்டுல உக்காந்துட்டா அவங்க சொன்னது நெசமாயிடும்.”

 ஆம்லெட் போடுவதைப் பற்றி ஏதோ உளறிவிட்டு வந்தேன்.

டிசம்பரில் பெரும்பனி பெய்த நாளை மறக்க முடியாது. என் பஸ் பனியில் மாட்டிக்கொண்டதால் இறங்கி நடந்தேன். சலவை லாரி ஓட்டுகிற கர்ட்டிஸ் அன்று காலையிலேயே வந்து தெருமுனையில் லாரியை நிறுத்திவிட்டான். வழக்கமாக எட்ட இருந்தே அட்டையைப் பார்த்துத் திரும்பிவிடுகிறவன். அன்று அவன் முதலாளி போனில் உத்தரவு போட்டிருந்தான்: அங்கேயே காத்திரு, அந்தப் பொம்பளை எத்தனை நேரம் நிற்பாள், கக்கூஸுக்குப் போய்த்தானே ஆகவேண்டும், நகர்ந்ததும் உள்ளே விட்டுவிடு. கர்ட்டிஸுக்கும் அது பிடிக்கவில்லை, ஆனால் ஆள் இல்லாத வாசலைத் தாண்டமாட்டேன் என்று சொல்ல அவன் சங்கத்தில் இடமில்லை. லாரியின் கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போய்விடாதே அம்மா, போய்விடாதே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்ததாக அவனே பிறகு என்னிடம் சொன்னான்.

எவோதியாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முன்வாசலுக்கு ஒரு குரல் கொடுக்கலாமென்றால் அங்கே கொட்டு முழங்கிக்கொண்டிருந்தது. போய்ச் சொல்லலாமென்றால் வாசலை விட்டு நகர வேண்டும். போன் செய்யலாம். யாருக்குச் செய்வது? தென்ச்சாவின் எண்ணை அழுத்தினாள். அது அடித்து அடித்து ஓய்ந்தது. முன்வாசலின் அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை என்று தென்ச்சா இன்றும் சொல்கிறாள். அது உண்மைதான் என்று நானும் நம்புகிறேன்.

நான் நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது லாரி கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது, வந்த வழியே. காத்திருக்கிற நேரத்துக்குக் கூலி கொடுக்க அவன் முதலாளிக்கு மனசில்லை. எவோதியா அட்டையைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். கால்சராய் முன்பக்கம் நனைந்து, ஓரங்களில் உறைய ஆரம்பித்திருந்தது. காலடியில் பனி மஞ்சளாகியிருந்தது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அவளேதான் பேசினாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

“தண்ணி போனா போகுது, தோன் செனோன். லாரி உள்ள போகலையே.”

என் கோட்டைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டிவிட்டேன். முன்வாசலில் போய் இதைச் சொல்லட்டுமா, நீ எப்படிப்பட்டவள் என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாம். இரக்கப்பட்டுக் கூப்பிடுவாங்க. அப்படிக் கூப்பிட்டா எனக்குப் போகத் தோணாது.”

அன்று பனியில் நடந்ததில் என் முழங்கால் வீங்கிவிட்டது. வீட்டில் படுக்கையோடு கிடந்தேன். ரொஹேலியோவைப் போனில் பிடித்து, அவளுக்கு மாற்று ஆள் ஒருவனை அனுப்பு என்று கத்தினேன். சமையலறையிலிருந்து ஒருவனை அனுப்பினான். அவன் வருவான், அட்டையைப் பிடிப்பான், காதில் பாட்டை மாட்டிக்கொள்வான், அவள் திரும்பியதும் போய்விடுவான். ஒரு வார்த்தை பேசமாட்டான். இதற்குப் பிறகு நடந்ததை எனக்குச் சொன்னவள் தென்ச்சா. இரண்டு பீர் உள்ளே போனால் இன்றைக்கும் சொல்வாள், தன்னை விட்டுக்கொடுத்தே சொல்வாள்.

ஒருநாள் காலையில் ரொஹேலியோ முன்வாசலில் ஒரு வாளிமேல் ஏறி நின்று சொன்னான்: கையெழுத்தாகிவிட்டது. வருஷம் முழுக்க இன்சூரன்ஸ். கேட்டதும் கூட்டம் கூத்தாடியது. பெரியவர்கள் அழுதார்கள். அப்போது யாரோ ஒருவர் சொன்னார்: இன்றைக்கு முன்வாசல் வழியாகவே உள்ளே போவோம்! நாங்கள் வேலைக்குப் போவது எப்போதும் பின்வாசல் வழியாகத்தான். அந்தப் பளபளக்கிற சுழல்கதவைத் துடைத்திருக்கிறோமே தவிர, அதற்குள் சுற்றி நுழைந்ததில்லை. அன்று அத்தனை பேரும் கொட்டடித்துக்கொண்டு அந்தக் கதவைச் சுற்றிச் சுற்றி நுழைந்தார்கள். சிலர் ஆசை தீராமல் வெளியே வந்து மறுபடியும் நுழைந்தார்களாம். பின்வாசல் பக்கம் ஒருவரும் போகவில்லை.

உள்ளே வரவேற்பறையில் பமேலா நின்றிருந்தாள். தலை கலைந்து, இரண்டு மணிக்கட்டிலும் கட்டுப் போட்டிருந்தாள். நகத்தில் பூவும் இல்லை, நகமும் இல்லை.

“வந்துட்டீங்களா! சாமி புண்ணியம்! ஒன்பதாவது மாடிய மொத நாள்லருந்து நான் ஒருத்தியே பாத்தேன், செத்தேன். எவோதியா எங்க? அவளக் கட்டிப் புடிச்சு அழணும். அவ கத்துக்குடுத்தபடிதான் எல்லாம் செஞ்சேன், திரைய நாற்காலில சொருகறதுகூட. எங்க அவ?”

தென்ச்சா திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் அடுத்தவளைப் பார்த்தாள். ரொஹேலியோ சமையலறைப் பையனைப் பார்த்தான். அவன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, “என்ன?” என்றான். கொட்டு ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

தென்ச்சா ஓடினாள். சாப்பாட்டுக்கூடம், சமையலறை, தட்டு கழுவுகிற இடம், சரக்கு அறை எல்லாம் தாண்டி, உள்பக்கத்திலிருந்து பின்கதவைத் தள்ளித் திறந்தாள்.

சந்தை அடைத்துக்கொண்டு லாரி நின்றிருந்தது. எவோதியா அதன் மூக்குக்கு நேராக அட்டையோடு நின்றாள், முதுகு தென்ச்சாவின் பக்கம். கர்ட்டிஸ் ஜன்னலில் தலையை நீட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

“முடிஞ்சுபோச்சும்மா. சத்தியமா முடிஞ்சுபோச்சு. எங்க ஆபீஸ்லயே சொல்லித்தான் அனுப்பினாங்க.”

எவோதியா தலையை ஆட்டினாள். தனக்குத் தெரிந்த கொஞ்ச நஞ்ச இங்கிலீஷைப் பொறுக்கிச் சேர்த்து அவனுக்குப் பதில் சொன்னாள்.

“என் ஆளுங்க வந்து சொல்லட்டும்.”

‘என் ஆளுங்க’ என்ற அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் தென்ச்சா பீரைக் கீழே வைத்துவிடுவாள். 

“‘கொமாத்ரே!’ன்னு கத்தினேன், தோன் செனோன். திரும்பினா. முகத்துல ஒண்ணுமே இல்ல, கோவம்கூட இல்ல. எனக்கு எதச் சொல்றது, எத மொதல்ல சொல்றதுன்னு தெரியல. மன்னிச்சிடுங்கன்னு சொல்லியிருக்கணும். வாயில வந்தது அது இல்ல. ‘ஜெயிச்சுட்டோம், கொமாத்ரே, ஜெயிச்சுட்டோம்!’னு சொன்னேன். அவ என்னையே பாத்தா. ‘யாரு?’ன்னு கேட்டா. குத்திக் காட்டிக் கேட்டிருந்தா நான் கால்ல விழுந்திருப்பேன். அப்படிக் கேக்கல. அவளுக்கு நெசமாவே தெரியல. நானும் வாயத் தொறந்தேன், தோன் செனோன். ‘நாம’ன்னு சொல்ல எனக்கு வாய் வரல.”